கோர்வையாச் சொல்ல ஒரு ஆள்

போன செமஸ்டர் கடைசியில் எங்க மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ நடந்தது. பதினாலு ஸ்லைடு, எல்லாம் இங்கிலீஷ். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். பேனலில் இருந்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். அதுக்கும் பதில் மனப்பாடமா கையில் இருந்தது. "குட்" என்றார்கள். சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

தறியை விட்டு எழுந்து வந்த அப்பா கேட்டார்: "ஏம்மா, நீங்க நாலு பேரும் சேந்து என்னதான் செஞ்சீங்க?"

எங்க ப்ராஜெக்ட், துணியை கேமராவில் படம் எடுத்து, அதில் பழுது எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர். அப்பா பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமா பட்டு நெய்யறவர். அதாவது இந்த உலகத்திலேயே என் ப்ராஜெக்ட் யாருக்காவது சட்டுனு புரியணும்னா அது அவருக்குத்தான். நான் ஆரம்பிச்சேன். "இமேஜ் ப்ராசஸிங் ப்பா... ஒரு மாடல் இருக்கும், அதை ட்ரெயின் பண்ணனும்... டேட்டாசெட்..." மூணாவது வாக்கியத்தில் நானே நின்னுட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துட்டு, "சரி சரி, சாப்பிடு போ" என்றார். என்னைக் காப்பாத்தி விட்டார்னுதான் சொல்லணும்.

அன்னைக்கு ராத்திரி டிவியில் ஐபிஎல், தமிழ் வர்ணனை. பேட்ஸ்மேன் ஒருத்தர் ஓங்கி அடிக்கப் போய் பந்தை நேரா மேலே தூக்கி கேட்ச் கொடுத்தார். வர்ணனையில் இருந்த முன்னாள் ஆட்டக்காரர் ரீப்ளேயை ஓட்டச் சொல்லி விளக்கினார். பிட்ச் காய்ஞ்சு கிடக்கு, பந்து தரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு வருது, பேட்ஸ்மேன் எதிர்பார்த்ததை விட ஒரு கணம் லேட்டா வருது, அதுக்குள்ள பேட் முன்னாடி போயிடுச்சு, அதான் பந்து மேலே போச்சு. அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இல்லை. எங்க அப்பா வாழ்க்கையில் ஒரு நாளும் பேட் பிடிச்சதில்லை. ஆனா தலையாட்டினார். "ஆமா, அவசரப்பட்டுட்டான்" என்றார்.

உராய்வு, வேகம், நேரம் மூணும் அந்த அரை நிமிஷத்தில் இருக்கு. முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் நான் படிச்சது அதுதான். அந்த வர்ணனையாளர் அதை என் அப்பாவுக்குப் புரிய வச்சுட்டார். என்னால என் சொந்த ப்ராஜெக்டைப் புரிய வைக்க முடியலை. இந்தக் கட்டுரை அந்த வயித்தெரிச்சலில் எழுதினது.

நம்ம கேம்பஸில் ஒரு பேச்சு உண்டு. ஆட முடியாதவன் மைக் பிடிப்பான், வேலை கிடைக்காதவன் பாடம் நடத்துவான். கோடிங் விட்டுட்டு ட்ரெய்னிங் பக்கமோ, டாக்குமென்டேஷன் பக்கமோ போன சீனியர்களைப் பத்தி நாம எப்படிப் பேசுறோம்னு எல்லாருக்கும் தெரியும். "பாவம், செட் ஆகலை போல." செய்யறது முதல் தர வேலை, சொல்றது மிச்சம் மீதி வேலைன்னு ஒரு நினைப்பு நமக்குள்ள ஊறிக் கிடக்கு. இது தப்புன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்ல நம்ம ஊர் கிரிக்கெட்காரங்க சிலரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடப் போறேன்.

முதல் சாட்சி எல். சிவராமகிருஷ்ணன். சென்னைக்காரர், லெக் ஸ்பின்னர். 1983-ல் வெஸ்ட் இண்டீஸில் முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயசு 17. அடுத்த வருஷக் கடைசியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். நாடே தூக்கி வச்சுக் கொண்டாடியது. அப்புறம் பந்து கை விட்டுப் போச்சு. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். கடைசி டெஸ்ட் 1985-86 ஆஸ்திரேலியத் தொடரில். நம்மில் பலர் டிகிரியே முடிக்காத வயசில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிஞ்சு போச்சு. அதோட நின்னிருந்தால் "வீணாப் போன திறமை" பட்டியலில் ஒரு பேராக இருந்திருப்பார். ஆனா பின்னாளில் மைக் பிடித்தார். ஆடினதைவிட பல மடங்கு வருஷம் வர்ணனை செய்தார். லெக் ஸ்பின்னரின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புது, கூக்ளி வரும்போது கையின் பின்பக்கம் எப்படித் தெரியும் என்று அவர் சொல்லும்போது, தானே செஞ்சு பார்த்து, தானே தொலைச்சவர் சொல்றார். அந்த அறிவு ஸ்கோர்கார்டில் வராது.

இரண்டாவது சாட்சி எஸ். பத்ரிநாத். முதல் தர கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல், சராசரி 54-க்கு மேல். வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஐம்பது டெஸ்ட் ஆடியிருப்பார் என்பது என் கருத்து. இவருக்குக் கிடைச்சது இரண்டே இரண்டு. 2010-ல் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, முதல் இன்னிங்ஸிலேயே 56 அடித்தார். அடுத்த டெஸ்டோடு சரி. 2018-ல் ஓய்வு. இன்னைக்கு நம்ம தெருவில் இருக்கிற பத்தாவது படிக்கிற பசங்களுக்கு அவர் அடிச்ச ரன் எதுவும் தெரியாது. ஆனா குரல் தெரியும். "பத்ரி என்ன சொன்னார் பார்த்தியா?" என்றுதான் பேசறாங்க. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்த பிறகு, கிரிக்கெட்டின் நுணுக்கத்தைத் தமிழில் உட்கார்ந்து பேச ஒரு இடம் கிடைச்சுது. அந்த இடத்தை நிரப்பினவர்களில் அவர் முக்கியமானவர்.

அதுக்கு முன்னாடி தமிழில் வர்ணனையே இல்லையான்னு கேட்டா, இருந்தது. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலில் டெஸ்ட் மேட்ச் கேட்டதை எங்க பெரியப்பா இன்னும் சொல்லுவார். படமே இல்லாமல், வெறும் சொல்லை வச்சு மைதானத்தைக் கண்ணு முன்னாடி கொண்டு வந்த தலைமுறை அது. நேர்முக வர்ணனை என்ற சொல்லே அவங்க காலத்தில் வீட்டுக்கு வீடு பழகியது. இப்போ படம் இருக்கு, ஆறு கோணத்தில் ரீப்ளே இருக்கு. அதனால் "என்ன நடந்தது" என்று சொல்ல ஆள் தேவையில்லை. "ஏன் நடந்தது" என்று சொல்லத்தான் ஆள் வேணும். அங்கேதான் ஆடினவருக்கு வேலை வருது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. கனடாவில் ஐஸ் ஹாக்கின்னா நமக்கு கிரிக்கெட் மாதிரி. நமக்கு ஐஸ்னா குச்சி ஐஸ்தான், அது வேற விஷயம். அங்கே ஹோவி மீக்கர் என்று ஒருத்தர். டொராண்டோ அணிக்காக ஆடி நாலு முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர். ஆட்டம் முடிந்து பல வருஷம் கழிச்சு டிவிக்கு வந்தார். ரீப்ளேயை நிறுத்தி, திரையில் கோடு போட்டு, இவன் இங்கே நின்னிருக்கணும், அங்கே ஏன் போனான் என்று வாத்தியார் மாதிரி விளக்குவார். அதே கனடாவில் 2008-ல் பஞ்சாபியில் ஐஸ் ஹாக்கி வர்ணனை தொடங்கியது. பஞ்சாபில் பனியே பார்க்காமல் வளர்ந்த தாத்தா பாட்டிகூட, கனடாவில் பிறந்த பேரனோட ஒரே சோபாவில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்க்க முடிஞ்சுது. விளையாட்டு மாறலை. சொன்ன மொழி மாறுச்சு, கூட உட்காரும் ஆள் கூடிப் போச்சு.

சரி, சொல்றது தனி வேலைன்னே வச்சுக்குவோம். அது செய்யறவனுக்கு என்ன லாபம்?

மூன்றாவது சாட்சி தினேஷ் கார்த்திக். 2018-ல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக கடைசிப் பந்தில் சிக்ஸ் அடித்தாரே, 8 பந்தில் 29, அவரேதான். 2021-ல் இந்திய அணியில் இடம் இல்லை. ஓய்வும் அறிவிக்கலை. அந்த வருஷம் ஜூனில் சவுத்தாம்ப்டனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துக்கு வர்ணனையாளராகப் போனார். "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று எல்லாரும் நினைச்சாங்க. அடுத்த வருஷம் ஐபிஎல்லில் பெங்களூருக்காக 183 ஸ்ட்ரைக் ரேட்டில் 330 ரன். ஜூன் 2022-ல் ராஜ்கோட்டில் இந்தியாவுக்காக 27 பந்தில் 55. சர்வதேச டி20-யில் அவருடைய முதல் அரைசதம் அது. அப்போ வயசு 37. மைக் பிடித்ததால்தான் நல்லா ஆடினார்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லை. ஆனா மைக் பிடிச்சவன் ஆட்டத்தை விட்டு வெளியே போனவன் என்ற கணக்கு தப்புன்னு அவர் காட்டிட்டார்.

அதே 2021-ல் அவர் வர்ணனையில் பேட்டையும் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியையும் ஒப்பிட்டு ஒரு மட்டமான ஜோக் அடித்தார். கடுமையான விமர்சனம் வந்தது. அடுத்த ஆட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டார். இதையும் சொல்லணும். கேட்ச் விட்டா அடுத்த பந்தில் சரி பண்ணலாம். சொல் விட்டா அப்படி இல்லை. சொல்றது சுலபமான வேலைன்னு நினைக்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

நான்காவது சாட்சி நம்ம ஆளு. ஆர். அஸ்வின், எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். ஐ.டி. படித்தவர். அந்தக் கல்லூரி இருக்கிற களவாக்கம், 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதனால் உரிமையோட நம்ம சீனியர்னு சொல்லிக்கலாம். 537 டெஸ்ட் விக்கெட். 2021 ஜனவரியில் சிட்னியில் ஹனுமா விஹாரியோட சேர்ந்து, உடம்பு முடியாத நிலையில், 128 பந்து நின்னு டெஸ்டைக் காப்பாத்தினார். அன்னைக்கு ஸ்டம்ப் மைக்கில் அவர் தமிழில் பேசினதை நாம எல்லாரும் கேட்டோம். அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் காத்திருக்கலை. ஆடிக்கிட்டு இருக்கும்போதே யூடியூபில் உட்கார்ந்து, ஆட்டத்தின் உள்விஷயங்களைத் தமிழில் பேச ஆரம்பிச்சுட்டார். ஃபீல்டை ஏன் மாத்தினாங்க, ஒரு பேட்ஸ்மேனுக்கு என்ன திட்டம் போட்டாங்க, எல்லாம். செய்யறதும் சொல்றதும் ஒரே ஆளுகிட்ட, ஒரே சமயத்தில் இருக்க முடியும். அதுக்கு வயசாகணும்னு அவசியமில்லை.

கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரிக்கல் படித்த கே. ஸ்ரீகாந்தையும் இந்த வரிசையில் சேர்த்துக்கலாம். 1983 உலகக் கோப்பை இறுதியில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் அவருடைய 38 தான். இப்போ தமிழ் வர்ணனையில் அவர் பேசறது பிட்ச் ரிப்போர்ட் மாதிரி இருக்காது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கும். அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

இங்கே ஒரு குறையையும் ஒத்துக்கிறேன். தமிழ் வர்ணனை எல்லாமே தங்கம் இல்லை. சினிமா வசனமும், கத்தலும், ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கறதும் பல சமயம் ஆட்டத்தையே முழுங்கிடுது. சில நாள் மியூட் போடத் தோணும். மக்களுக்குப் புரியும்படி சொல்றதுக்கும், மக்களுக்குப் புரியாதுன்னு நினைச்சு வெறும் கூத்து காட்டறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நான் பேசறது முதல் வகையைப் பத்தி மட்டும்தான்.

இன்னொரு விஷயம். யார் பேசலாம், யார் முகம் திரையில் வரலாம் என்பதும் நம்ம நாட்டில் சும்மா முடிவாகறதில்லை. தோல் நிறத்துக்காக வாழ்க்கை முழுக்கப் பாகுபாட்டைச் சந்திச்சேன், அதுவும் சொந்த நாட்டிலேயே என்று சிவராமகிருஷ்ணன் 2021-ல் வெளிப்படையாக எழுதினார். பின்னாளில் வர்ணனைக்கு வந்த இன்னொரு தமிழக வீரர் அபினவ் முகுந்த், 2017-லேயே இதே விஷயத்தைப் பத்தி எழுதியிருந்தார். செமினார் ஹாலில் மைக் முன்னாடி நிற்கும்போது நமக்குக் கை நடுங்குதே, அது சப்ஜெக்ட் தெரியாததால் மட்டும் இல்லை. நம்ம நிறம், நம்ம உச்சரிப்பு, நம்ம ஊர்ப் பேச்சு எல்லாம் அந்த மேடைக்குச் செட் ஆகாதுன்னு யாரோ நமக்குள்ள எழுதி வச்சுட்டாங்க. அதையும் தாண்டி மைக் பிடிச்சவங்க இவங்க. அதனால் எனக்கு அவங்க மேல கூடுதல் மரியாதை.

இப்போ நம்ம பக்கம் வருவோம். நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். நம்ம கல்லூரியில் ஒவ்வொரு ப்ராஜெக்ட் ரிவ்யூவிலும் கடைசி அஞ்சு நிமிஷம் தமிழில் இருக்கட்டும். கேட்கிறவர் நம்ம டிபார்ட்மெண்ட் ஆளா இருக்கக் கூடாது. கேன்டீன் அக்கா, பஸ் டிரைவர் அண்ணன், ஆபீஸ் அட்டெண்டர், இல்லை யாராவது ஒருத்தரோட அப்பா அம்மா. அவங்க ஒரு கேள்வி கேட்கணும். நாம பதில் சொல்லணும். அதுக்கு மார்க் வேணும்.

உடனே ரெண்டு ஆட்சேபம் வரும்னு தெரியும். "ப்ளேஸ்மென்டுக்கு இங்கிலீஷ்தானே வேணும்?" வேணும், சந்தேகமே இல்லை. நான் இங்கிலீஷை எடுக்கச் சொல்லலை. ஆனா இண்டர்வியூவில் நாம திணறுவது பாதி நேரம் இங்கிலீஷால் இல்லை, விஷயம் உள்ளே தெளிவா இல்லாததால். தமிழில் சொல்லிப் பார்த்தால் அந்த ஓட்டை உடனே தெரிஞ்சிடும். மனப்பாடத்தை இங்கிலீஷில் ஒளிச்சு வைக்கலாம். அப்பாகிட்ட தமிழில் ஒளிக்க முடியாது.

"தமிழில் டெக்னிக்கல் வார்த்தை எங்கே இருக்கு?" அதுக்குப் பதில் வர்ணனைக்காரங்க கொடுத்துட்டாங்க. அவங்க யார்க்கரை யார்க்கர்னே சொல்றாங்க. கூக்ளியை கூக்ளின்னே சொல்றாங்க. பேரை அப்படியே வச்சுக்கிட்டு, அது எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் தமிழில் சொல்றாங்க. நின்னு வருது, சறுக்கிட்டுப் போகுது, உள்ளே திரும்புது. வினைச்சொல் எல்லாம் தமிழ். சென்சார் சென்சாராவே இருக்கட்டும். அது என்ன பண்ணுதுன்னு சொல்லத் தமிழில் வினைச்சொல்லுக்கா பஞ்சம்?

அதுவும் இந்த ஊரில் இருந்துக்கிட்டு. 1909-ல் இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவர். அந்தப் படிப்பை இங்கிலீஷிலேயே பூட்டி வைக்கலை. மேடையில், கீழே தரையில் உட்கார்ந்திருந்தவங்களுக்குச் சொன்னார். காஞ்சிபுரத்துக்குப் பேச்சு புதுசு இல்லை.

நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிடறேன். ரிவ்யூ முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை, தறி மேடையில் அப்பா பக்கத்தில் லேப்டாப்போட உட்கார்ந்தேன். மாடல், டேட்டாசெட் எதுவும் சொல்லலை. "நல்ல துணி படம் ஆயிரம் காட்டுவோம்ப்பா, பழுது இருக்கிற துணி படம் ஆயிரம் காட்டுவோம். பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் பழகிடும். அப்புறம் புதுத் துணியைக் காட்டினா, பழுது எங்கேன்னு கோடு போட்டுக் காட்டும்" என்றேன்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "எந்தத் துணி படம் காட்டினீங்க?"

இண்டர்நெட்டில் கிடைச்ச சாதா மில் துணிப் படங்கள்தான் என்றேன். அவர் சிரிச்சார். தறியில் இருந்த சேலையில் உடலும் கரையும் சேர்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. ஒவ்வொரு தடவை ஊடை ஓடும்போதும் கரை நூலும் உடல் நூலும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். அந்த இடம் தடவிப் பார்த்தாலே மேடு தட்டும். உன் கம்ப்யூட்டர் இதைப் பழுதுன்னு சொல்லுமா, சொல்லாதா?"

படம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கோர்வை முழுக்கச் சிவப்புக் கோடு. அந்தச் சேலையிலேயே கஷ்டமான வேலை எதுவோ, அதைத்தான் எங்க சாஃப்ட்வேர் பழுதுன்னு காட்டியது. பதினாலு ஸ்லைடில் இது இல்லை. பேனலில் யாரும் கேட்கலை. நாலு பேர் மூணு மாசம் உழைச்சும் எங்களுக்குத் தோணலை. இரண்டு நிமிஷம் தமிழில் சொன்னதும் வெளியே வந்தது.

இங்கே "கோர்வையாப் பேசு" என்று சொல்லுவோம். தறியிலும் அதே சொல். தனித்தனியா ஓடுகிற ரெண்டு நூல் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கறது. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் ஆடி முடிச்சுட்டு அந்த வேலையைத்தான் செய்றாங்க. மைதானத்தையும் நம்ம வீட்டுக் கூடத்தையும் பிடிச்சு வைக்கிறாங்க. அதைத் தோத்தவன் வேலைன்னு சொல்ல எனக்கு இனிமே வாய் வராது.

ரெண்டாவது ரிவ்யூவுக்கு இப்போ கோர்வை படங்களாச் சேர்த்துக்கிட்டு இருக்கோம். அப்பாதான் எது பழுது, எது வேலைப்பாடுன்னு ஒவ்வொரு படமாப் பார்த்துப் பிரிச்சுத் தரார். "இதுக்கு எனக்கு மார்க் உண்டா?" என்று கேட்டார். பேனலுக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன். மத்ததை அவரே கேட்டுக்கட்டும்.